நாலாம் நம்பர் பிளாஸ்மா

ஜூன் 10, திங்கள்

ரத்த வங்கி இன்றும் பிளாஸ்மா தரவில்லை. ஏப்ரலில் கொடுத்த கடிதத்தைக் காணோமாம், இன்னொன்று எழுதிக்கொண்டு வர வேண்டுமாம். வந்த ஆத்திரத்தில் அங்கேயே தரையில் உட்கார்ந்து இன்னொன்று எழுதி மேஜையில் வைத்துவிட்டு வந்தேன்.

மனோன்மணி மேடத்திடம் சொன்னேன். நான் பாடம் எடுக்கிற பார்மசி கல்லூரியில் துறைத் தலைவர், என் பிஎச்.டி. நெறியாளர், எல்லாம் அவர்தான். "வீட்டு ஆளுங்ககிட்ட எடுத்துக்கோ கோகிலா. கட்டுரையில ரத்த வங்கின்னே போட்டுக்கலாம். யாரு வந்து பாக்கப் போறாங்க?" என்றார். நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டாமா என்று நான் ஆரம்பித்ததும் போனை எடுத்து யாரிடமோ பேச ஆரம்பித்துவிட்டார்.

ஜூன் 11, செவ்வாய்

சாப்பிடும்போது அண்ணனிடமும் அண்ணியிடமும் ரத்தம் கேட்டேன். எதற்கு என்று அண்ணி கேட்டாள். தியோஃபிலின் என்று ஆஸ்துமாவுக்கு ஒரு மருந்து. ரத்தத்தில் அது கொஞ்சம் குறைந்தால் இளைப்பு அடங்காது, கொஞ்சம் கூடினால் விஷம். ரத்தத்தின் சிவப்பை அடியில் இறக்கிவிட்டால் மேலே வெளிர்மஞ்சளாக நிற்கிற பிளாஸ்மாவை எடுத்து, ஹெச்.பி.எல்.சி. கருவியின் எஃகுக் குழாய்க்குள் செலுத்தினால், ஒவ்வொரு பொருளும் தனக்குரிய நேரத்தில் பிரிந்து வெளியே வரும். திரையில் பீக் என்கிற முகடு எழும்பும். உயரத்தைப் பார்த்து அளவு சொல்லலாம். அதற்கு முன்னால், அந்த மருந்தே உடம்பில் இல்லாத ஆறு பேர் பிளாஸ்மாவைச் செலுத்தி, அந்த இடத்தில் ஒன்றும் எழும்பவில்லை என்று காட்ட வேண்டும். இவ்வளவும் சொன்னேன். அண்ணி இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினாள்.

டீ, காபி இரண்டு நாள் தொடக்கூடாது, கஃபீன் பக்கத்திலேயே வந்து நிற்கும் என்று சொன்னதுதான் அண்ணனுக்குப் பெரிய கஷ்டம். மில்லில் டீ இல்லாமல் அவனால் ஷிப்ட் முடிக்க முடியாது. இருந்தும் சரி என்றான். மருந்து மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாயா என்று கேட்டேன்.

"மாத்திரைன்னாலே எனக்கு ஆகாதுன்னு உனக்குத் தெரியாதா அம்மிணி?"

இரண்டு வருஷம் முன்பு பஞ்சுத் தூசியில் அவனுக்கும் இளைப்பு இருந்தது. இப்போது இல்லை. விடிகாலையில் நடக்கப் போவதால் சரியாகிவிட்டது என்கிறான்.

ஜூன் 14, வெள்ளி

கல்லூரி மருத்துவ அறை நர்ஸ் ஆறு பேருக்கும் ரத்தம் எடுத்துத் தந்தார். அண்ணி, பக்கத்து வீட்டு இரண்டு பேர், அண்ணன், லேப் அசிஸ்டன்ட் சுகந்தி, அவள் தங்கை. அண்ணன் நாலாம் நம்பர். டீ இல்லாமல் இரண்டு நாளாகத் தலைவலி என்று துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தான். வாக்குக் கொடுத்தால் காப்பாற்றுகிற ஆள்.

ஜூன் 16, ஞாயிறு

மேலே எழுதியதை அடித்துவிடலாம் என்று தோன்றுகிறது. அண்ணன் குடிக்கிறான்.

காலையில் தண்ணீர் ஊற்றும்போது சொம்பு கையில் ஆடியது. என்ன என்று கேட்டதற்கு எரிந்து விழுந்தான். ராத்திரி தூங்குவதே இல்லை, எழுந்து எழுந்து நடக்கிறான் என்று அண்ணி சொன்னாள். நெஞ்சு படபடக்கிறதாம். இரண்டு நாள் காலையில் வாந்தி. எங்கள் அப்பா எப்படிச் செத்தார் என்று தெரிந்தவன் இந்த வேலையைச் செய்கிறான். பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். வாசனை இல்லை. வாசனை வராத சரக்கெல்லாம் இப்போது கிடைக்கிறது.

நான் புருஷனை விட்டுவிட்டு இந்த வீட்டுக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. விட்டு வந்ததே குடிக்காகத்தான். இங்கேயும் அதைப் பார்க்க வேண்டுமென்றால் நான் எங்கே போவது?

ஜூன் 18, செவ்வாய்

ஐந்து பிளாஸ்மா சுத்தம். நாலாம் நம்பரில் தியோஃபிலின் வருகிற இடத்தில் பீக்.

சின்னதாக இருந்தால் டீ என்று சொல்லிவிடலாம். டீ குடிக்கிறவன் பிளாஸ்மாவில் கஃபீன்தான் பெரிதாக நிற்கும். இதில் கஃபீனே இல்லை. தியோஃபிலின் மட்டும், மருந்தை முழு அளவில் சாப்பிடுகிற நோயாளிக்கு நிற்கிற உயரத்தில். மறுபடி செலுத்தினேன். அதே உயரம். குழாயைக் கழுவி, மற்றவற்றைச் செலுத்தி, மறுபடி நாலு. அதேதான்.

சுகந்திதான் மருந்துக் கரைசல் எடுத்த பிப்பெட்டை இதற்கும் பயன்படுத்தியிருக்க வேண்டும். எல்லோர் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கினேன். இல்லைங்க மேடம், இல்லைங்க மேடம் என்று சொல்லிக்கொண்டே நின்றாள். அழுதுகொண்டு சொன்னால் உண்மையாகிவிடுமா?

ஜூன் 19, புதன்

மனோன்மணி மேடத்திடம் காட்டினேன். பார்த்த வேகத்தில் தாளைத் திருப்பித் தந்தார். மருந்து புழங்குகிற லேப், எங்கேயோ ஒட்டியிருக்கும், இந்த ஆளைத் தூக்கிவிட்டு வேறொருவரை வை, மாதக் கடைசிக்குள் கட்டுரை போக வேண்டும் என்றார்.

மறுபடி ஒரு தடவை அண்ணனிடமே எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்றேன். அதற்கு எங்கே நேரம் என்றார். நேரமில்லை என்று எனக்கும் தெரியும்.

ஜூன் 20, வியாழன்

அண்ணனிடம் கேட்டேன். மருந்து எதுவும் இல்லை என்றான். சத்தியமாக என்று கேட்டேன். போலீஸ்காரி மாதிரி கேக்காத என்று எழுந்து போய்விட்டான். பொய் சொல்கிறவனுக்குத்தான் இவ்வளவு கோபம் வரும். ஒன்றை மறைக்கிறவன் இரண்டையும் மறைப்பான்.

ஜூன் 21, வெள்ளி

நாலாம் நம்பர் டியூபைக் கொட்டிவிட்டேன். அந்த இடத்தில் என் பிளாஸ்மாவை வைத்தேன். ஆறும் சுத்தம்.

ஜூன் 25, செவ்வாய்

அண்ணனுக்கு ஞாயிற்றுக்கிழமையிலிருந்து காய்ச்சல், சளி. தெருமுனை டாக்டர் ஏதோ ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தாராம். சீட்டு அலமாரியில் இருக்கிறது. நான் பார்க்கவில்லை. கட்டுரையின் கடைசித் திருத்தம் போய்க்கொண்டிருக்கிறது, நாளை மறுநாள் பத்திரிகைக்கு அனுப்ப வேண்டும்.

இன்று காலை சட்டைப் பொத்தான் போட முடியாமல் அவன் விரல்கள் ஆடின. பொறுக்க முடியவில்லை. குடிக்கிறவனுக்குக் காய்ச்சல் மாத்திரை எதற்கு, குடியை நிறுத்தினாலே எல்லாம் நிற்கும் என்று அண்ணி முன்னாலேயே கேட்டுவிட்டேன். அவன் என்னைப் பார்த்தான். சண்டை போடுவான் என்று நினைத்தேன். பொத்தானைப் போடாமலேயே படுத்துவிட்டான்.

ஜூன் 28, வெள்ளி

காலையில் அண்ணன் குளியலறை வாசலில் விழுந்து கிடந்தான். வலிப்பு. பல் கிட்டித்து, வாயோரம் ரத்தம். அண்ணி போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. பொள்ளாச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். வழியிலேயே இன்னொரு தடவை வலிப்பு வந்தது.

ஐ.சி.யூ. டாக்டர் இம்மானுவேல், சின்ன வயசு. இதயம் கட்டுக்கடங்காமல் ஓடுகிறது, பொட்டாசியம் இறங்கிக் கிடக்கிறது என்றார். முன்பு வலிப்பு உண்டா, சர்க்கரை உண்டா என்று வரிசையாகக் கேட்டார். குடிப்பழக்கம் என்று கேட்டபோது அண்ணி இல்லை என்று தலையாட்டினாள்.

நான், "குடிப்பார் டாக்டர். காய்ச்சல்னால ஒரு வாரமா நிறுத்தியிருப்பாரு" என்றேன்.

குடியைத் திடீரென்று நிறுத்தினால் இப்படி வரும் என்று அவர் அதற்கான வைத்தியத்தைத் தொடங்கினார்.

ஜூன் 29, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இரவு முழுக்க வலிப்பு அடங்கவில்லை. காலையில் ஐ.சி.யூ. வாசலில் அண்ணி பிளாஸ்கிலிருந்து டம்ளரில் வெந்நீர் ஊற்றி, மடித்த காகிதத்திலிருந்து பழுப்புப் பொடி ஒன்றைக் கொட்டிக் கலக்கிக்கொண்டிருந்தாள். நர்ஸ் கேட்டால் வெந்நீர் என்று சொல்லி உள்ளே கொண்டுபோய், அவன் கொஞ்சம் தெளியும்போது ஊட்டிவிடப் போகிறாளாம். நேற்று மாலையும் கொடுத்தாளாம்.

அது என்ன என்று கேட்டேன்.

"செம்மேட்டுப்புதூர் சித்தையன் குடுக்கற பொடி. இளைப்புக்கு. ஒரு வருசமா அதுலதான அவர் மூச்சு விடறாரு."

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கத்தினேன். காவலாளி வந்துவிட்டார்.

"மருந்து சாப்புடறாரான்னுதான நீ கேட்ட? இது மருந்தில்லியே, பச்சிலைப் பொடி. இளைப்பு இருக்குதுன்னு தெரிஞ்சா மில்லுல வெச்சுக்க மாட்டாங்க, ஆருகிட்டயும் மூச்சு விடாதன்னு சொல்லிட்டாரு. காச்சல்ல இளைப்பு சாஸ்தியாயிருச்சுன்னு ரெண்டு வேளைய நாலு வேளை ஆக்குனோம்."

கை நடுக்கம், தூக்கமின்மை, வாந்தி, படபடப்பு, வலிப்பு. தியோஃபிலின் கூடினால் வருகிறவற்றை இரண்டாமாண்டுப் பிள்ளைகளுக்கு நான்தான் பாடம் எடுக்கிறேன். தெருமுனை டாக்டரின் சீட்டை வாங்கிப் பார்த்தேன். அவர் எழுதிய ஆன்டிபயாடிக் சிப்ரோஃப்ளாக்சசின். தியோஃபிலினை உடம்பை விட்டு வெளியேற விடாது. அதுவும் பாடத்தில் இருக்கிறது.

டாக்டர் இம்மானுவேலிடம் சொன்னேன். பச்சிலைப் பொடியில் அந்த மருந்து எப்படி வரும் என்றார். உங்கள் லேபில் அளவு பார்க்க முடியுமா என்றேன். கோவைக்கு அனுப்பினால் திங்கட்கிழமை வரும் என்றார். திங்கட்கிழமை எதற்கு, காரியத்துக்கா, கல்லூரிக் கருவியில் நானே இன்றைக்குப் பார்த்துவிடுகிறேன் என்றேன். அவர் நர்ஸைக் கூப்பிட்டு, ஒரு டியூப் ரத்தம் எடுத்துத் தரச் சொன்னார்.

கல்லூரியில் ஆய்வுக் குழு வருவதற்கான ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. கருவிக்குத் துணி போர்த்தி, பூ வைத்திருந்தார்கள். சுகந்தி மட்டும் லேபில் இருந்தாள். நான் கேட்பதற்கு முன்பே துணியை எடுத்து, கருவியை ஓடவிட்டாள். ரத்தத்தைச் சுழற்றி, பிளாஸ்மாவைப் பிரித்து, அமிலம் விட்டுப் புரதத்தை இறக்கிக்கொண்டிருந்தபோது மனோன்மணி மேடம் வந்தார். வெளி ஆஸ்பத்திரி ரத்தத்தை யாரைக் கேட்டு உள்ளே கொண்டுவந்தாய், குழு வருகிற நேரத்தில் என்ன விளையாட்டு என்று கேட்டார். என் அண்ணன் செத்துக்கொண்டிருக்கிறான் என்றேன். ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்வார்கள், இதை நிறுத்து என்று சுவிட்சுப் பக்கம் கையை நீட்டினார்.

"தொட்டீங்கன்னா கையை ஒடிச்சுருவேன் மேடம்."

நான்தான் சொன்னேன். சத்தம்கூடப் போடவில்லை. அவர் வெளியே போய்விட்டார்.

பீக் எழும்பிக்கொண்டே போய் திரைக்கு வெளியே நின்றது. நீர்த்து மறுபடி செலுத்தினேன். மில்லிக்கு ஐம்பத்திரண்டு மைக்ரோகிராம். இருபதைத் தாண்டினாலே ஆபத்து.

போனில் டாக்டரிடம் சொன்னேன். உங்கள் முறை சரியாக இருக்கும் என்று எப்படி நம்புவது என்று கேட்டார். மூன்று வருஷம் அதைத்தான் நிரூபித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். மறுமுனையில் அவர், ரத்தத்திலிருந்து மருந்தை வடித்தெடுக்க டயாலிசிஸ் அறைக்கு ஆள் அனுப்பச் சொல்வது கேட்டது.

ஜூன் 30, ஞாயிறு

டயாலிசிஸ் முடிந்து வலிப்பு வரவில்லை. டாக்டரிடம் இன்னொரு டியூப் வாங்கிவந்து அளந்தேன். பதினெட்டு.

லேபில் கிடந்த பாத்திரங்களை எல்லாம் நானே கழுவி வைத்தேன். சுகந்தி, விடுங்க மேடம் என்றாள். விடவில்லை.

ஜூலை 4, வியாழன்

அண்ணனை வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். பேசுகிறான். அண்ணியிடம் பேசுகிறான், நர்ஸிடம் பேசுகிறான். நான் இளநீர் கொண்டுபோனேன். வாங்கி மேஜையில் வைத்தான். சுவரைப் பார்த்தபடியே கேட்டான்.

"குடிகாரன்னு சொன்னியாமா?"

அண்ணி எழுந்து வெளியே போனாள்.

"ஆமாண்ணா" என்றேன்.

"அப்பன் செத்தன்னைக்கு உன்ற தலைல கை வெச்சுச் சொன்னன். ஒரு நாள் தொட்டிருப்பனா?"

இளநீரை அவன் குடிக்கவில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். உட்கார இடம் இருந்தது.

ஜூலை 8, திங்கள்

மீதிப் பொடியைக் கரைத்து வடிகட்டி கருவியில் செலுத்தினேன். தியோஃபிலின், அதே நேரத்தில், அதே வடிவத்தில். ஐந்து பொட்டலம் பார்த்தேன். ஒன்றில் இருப்பதைப் போல நாலு மடங்கு இன்னொன்றில் இருக்கிறது. சித்தையன் மாத்திரைகளை அரைத்து, கைக்கு வந்தபடி பச்சிலைப் பொடியில் கலந்திருக்கிறான். சித்த வைத்தியம் படித்தவனும் இல்லை. படித்தவர்கள் பெயரையும் சேர்த்துக் கெடுக்கிறான்.

நேராக செம்மேட்டுப்புதூருக்குப் போனேன். தகரக் கொட்டகை வாசலில் வரிசை. மில் ஆட்கள், கோழிப் பண்ணைப் பெண்கள், இடுப்பில் குழந்தையோடு தாய்மார்கள். சித்தையன் வெள்ளை வேட்டி, மலர்ந்த முகம். பொடியில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். ஆடாதொடை, தூதுவளை, அப்புறம் குருவருள் என்றார். என் அண்ணன் சாகப் பிழைக்கக் கிடந்ததைச் சொன்னேன். சொன்ன அளவுக்கு மேல் தின்றால் சோறுகூட விஷம்தான் அம்மா என்று சிரித்தார். வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். பொட்டலத்தைப் பிடுங்கித் தரையில் கொட்டி மிதித்தேன். இரண்டு பேர் என் கையைப் பிடித்து ரோட்டில் கொண்டுவந்து விட்டார்கள். மரியாதையாகத்தான் விட்டார்கள். அதுதான் இன்னும் எரிகிறது.

ஜூலை 9, செவ்வாய்

மருந்து ஆய்வாளருக்குப் புகார் எழுதினேன். பொடியின் முடிவு மட்டும் போதாது, அது மனிதன் ரத்தத்தில் ஏறியதைக் காட்ட வேண்டும். காட்டினால், அளந்த முறையை எந்தப் பிளாஸ்மாவில் சரிபார்த்தாய் என்று கேட்பார்கள், அதை அனுமதியில்லாமல் எடுத்தது வெளியே வரும். கட்டுரையில் ரத்த வங்கி என்று போட்டது பொய் என்பதும் வரும்.

மனோன்மணி மேடம் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகப் பேசினார். அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. அண்ணன் பிழைத்துவிட்டார் இல்லையா, பொடியைப் பற்றி மட்டும் மொட்டைக் கடிதம் போடு, உன் பட்டமும் என் வேலையும் எதற்கு நடுவில் என்றார். அவருக்கு ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம்.

நாலாம் நம்பரில் பீக் வந்த அன்றைக்கே இன்னொரு தடவை ரத்தம் எடுத்திருந்தால் என் அண்ணன் ஐ.சி.யூ. வரைக்கும் போயிருக்க மாட்டான் என்று அவரிடம் கத்தினேன். வேண்டாமென்று சொன்னது நீங்கள்தானே என்றேன்.

"கொட்டுனது நானில்லையே கோகிலா" என்றார்.

புகாரை என் பெயரில், எல்லாம் சேர்த்து, அனுப்பிவிட்டேன்.

ஜூலை 16, செவ்வாய்

ஆய்வாளர் வீட்டுக்கு வந்தார். நரைத்த மீசை, அவசரமில்லாத ஆள். மருத்துவமனைக் குறிப்பைப் புரட்டிவிட்டு, குடிப்பழக்கம் என்று போட்டிருக்கிறதே, இதை வைத்தே சித்தையன் வக்கீல் தப்பித்துவிடுவாரே என்றார்.

அண்ணன் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது நான் சொன்னதுங்க சார். எனக்குத் தெரியாம, விசாரிக்காம, நானாச் சொன்னது. எங்கண்ணன் குடிக்க மாட்டாரு. இதையும் எழுதிக்கோங்க, கையெழுத்துப் போடறேன்."

எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போட்டேன். அவர் போனபின் அண்ணன் அண்ணியைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் டீ போடச் சொன்னான். எனக்கும் சேர்த்து மூன்று டம்ளர் வந்தது.

ஜூலை 26, வெள்ளி

சித்தையன் கொட்டகைக்கு சீல் வைத்தார்கள். கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லி பத்திரிகைக்கு எழுதிவிட்டேன். கல்லூரி எனக்கு மெமோ கொடுத்திருக்கிறது. மனோன்மணி மேடம் நெறியாளர் பொறுப்பிலிருந்து விலகிவிட்டார். மூன்று வருஷ வேலை.

மில்லில் அண்ணனைத் தூசி இல்லாத கிடங்குக்கு மாற்றியிருக்கிறார்கள். இன்ஹேலரை எப்படி இழுப்பது என்று சொல்லிக் கொடுத்தால், தெரியும் தெரியும் என்று வாயில் வைத்துக்கொண்டு மூக்கால் இழுக்கிறான். கத்தினேன். அவனும் கத்தினான்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

மதியம் வாசலில் ஒரு பெண். இடுப்பில் ஆறேழு வயசு மகள். அந்தப் பிள்ளையின் மூச்சு தெரு வரைக்கும் கேட்டது.

"சித்தையன் கொட்டாயை மூட வெச்சது நீங்கதானுங்களா?"

ஆமாம் என்றேன்.

"இப்ப எம்புள்ளைக்கு நீங்க குடுங்க."

பேச நேரமில்லை. அண்ணன் பைக்கை எடுத்தான். நடுவில் பிள்ளை, பின்னால் அவள். நான் ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை, ஒரே டாக்டர், அவர் பிரசவத்தில் இருந்தார். நர்ஸ்தான் நெபுலைசர் வைத்தார். புகை மாதிரி மருந்து ஏற ஏற பிள்ளையின் விலா ஒடுங்குவது குறைந்தது. அதுவரைக்கும் அந்தப் பெண் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பிறகு கேட்டாள். "அந்தப் பொடிக்குள்ள இருந்ததும் மருந்துதானுங்களா?"

"மருந்துதானுங்க. அளவுதான் இல்ல. உங்க புள்ளை ஒடம்புக்கு அது எந்நேரமும் விஷமாயிரும்."

அதைக் கேட்டு அவள் பயப்படுவாள், எனக்கு நன்றி சொல்வாள் என்றெல்லாம் நினைத்தேன் போலிருக்கிறது. அவள் நெபுலைசர் மூடியைப் பிள்ளை முகத்தில் சரியாக அழுத்திப் பிடித்துக்கொண்டே சொன்னாள்.

"எங்கூருல இருந்து இங்க வாரதுக்கு ரெண்டு பஸ்ஸு மாறோணும். அவன் எங்கூருக்கே வந்து உக்காந்தானுங்க. அளவாக் குடுக்கறவிங்க எப்ப வருவீங்க?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். நர்ஸ் கூப்பிட்டு சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, மாத்திரைக்கு மருந்தகம் பக்கம் போகச் சொன்னார். இரண்டு மணி பஸ்ஸை விட்டால் மாலைக்குத்தான் அடுத்தது. அவள் மாத்திரைக் கவரை வாயில் கவ்விக்கொண்டு, மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள். அண்ணன் பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கையை ஆட்டிக்கொண்டே அவளுக்கு முன்னால் ஓடினான். இன்னும் முழுசாகத் தேறாத ஆள், ஓடாதே என்று கத்தினேன். ஏற்றி அனுப்பிவிட்டு, மருத்துவமனைப் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக் குனிந்து நின்று இன்ஹேலரை எடுத்து இழுத்தான். சரியாகத்தான் இழுத்தான். பஸ் போய்விட்டது. அவளுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.